900 கலோரியிலும் எடை நின்றுவிட்டது, இன்னும் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள், கூட்டுங்கள். முதல் மாதம் இறங்கிய முள் இரண்டு வாரமாக அசையவில்லை, மெட்டபாலிசம் (உடம்பு கலோரியை எரிக்கும் வேலை) செத்துப்போச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். சாகவில்லை. இதே பள்ளத்தில் நானும் விழுந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்கு அப்போது 35 வயது, உயரம் 160 செ.மீ., எடை 75 கிலோ. யாரையும் கேட்காமல் நானே 900 கலோரி என்று முடிவு செய்துகொண்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து எல்லோரும் ஃபேனைக் கேட்கும்போது நான் மட்டும் போர்வையைத் தேடினேன், மாடிப்படி ஏற யோசித்தேன், டிவி ரிமோட் கைக்கு எட்டவில்லை என்றால் ஓடுகிற நிகழ்ச்சியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இதில் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று பிறகுதான் புரிந்தது. சாப்பாடு ரொம்பக் குறையும்போது உடம்பு முதலில் கைவைப்பது நமக்கே தெரியாமல் நாம் செய்கிற அசைவுகளில்தான்: எழுவது, நடப்பது, கையை ஆட்டிப் பேசுவது. கூடவே பசியை அடக்கும் லெப்டின், தைராய்டு ஹார்மோன் எல்லாம் இறங்க, ஓய்வில் எரிகிற கலோரியும் எடை குறைந்த கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குறையும்.

ஆனால் பட்டினி கிடந்தால் கொழுப்பு கரைவதே நின்றுவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, வாரத்துக்கு 22 மைல் நடை. ஓய்வில் எரியும் கலோரி ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது, அப்படியும் எடை கால்வாசி போனது. குளிர், சோர்வு, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு எல்லாம் அவர்களுக்கும் வந்தது. அதனால் உங்கள் இரண்டு வாரத் தேக்கம் பெரும்பாலும் உடம்பு பிடித்துவைத்திருக்கும் நீராக இருக்கலாம், அல்லது (கோபப்படாதீர்கள்) அந்த 900 உண்மையில் 900 இல்லாமல் இருக்கலாம். எண்ணெயையும் சமைக்கும்போது வாயில் போட்டுக்கொண்டதையும் நான் எழுதியதே இல்லை.

சரி, எவ்வளவு சாப்பிடுவது? கிலோ எடையை 10 ஆலும், செ.மீ. உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள், அதில் வயதைப்போல் 5 மடங்கைக் கழியுங்கள், பெண் என்றால் இன்னொரு 161 கழியுங்கள், ஆண் என்றால் 5 கூட்டுங்கள். எனக்கு வந்தது 1,414. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்புக்கு ஆகும் செலவு இது, நான் தந்துகொண்டிருந்ததோ 900! உட்கார்ந்து செய்யும் வேலை, கொஞ்சம் நடை என்பதால் 1.4 ஆல் பெருக்கினால் சுமார் 1,980. அதில் 400 குறைத்து, 1,580 என்று வைத்துக்கொண்டேன். இதெல்லாம் மதிப்பீடுதான், நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும். மூன்று நான்கு வாரம் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் புரதம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும், அதைத் தடுக்க தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதமும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு தூக்குவதும் வேண்டும். புரதத்தில் வரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிவிடும், பசியும் அடங்கும். ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால் மெட்டபாலிசம் ஏறும் என்பதெல்லாம் கதை, மொத்தம் ஒன்றென்றால் எத்தனை வேளை என்பது உங்கள் வசதி.

கூட்டிய முதல் வாரம் எனக்கு முக்கால் கிலோ ஏறியது, அழுகையே வந்தது. அது நீரும் கிளைகோஜனும் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) வயிற்றில் இருந்த சாப்பாடும்தான், அடுத்த இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. அதன்பின் எட்டு மாதத்தில் 10 கிலோ. மெதுவாகத்தான், ஆனால் போர்வை தேவைப்படவில்லை.

மாதவிடாய் நின்றிருந்தாலோ, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ, தலை சுற்றினாலோ கணக்கெல்லாம் அப்புறம், முதலில் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பரிசோதிக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.