ஈரப் புல்வெளியில் பூத்த வெள்ளை ஆர்க்கிட்: தோண்டி எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் இல்லினாயில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் வேறொருவருக்குச் சொந்தமான ஈரப் புல்வெளி உண்டு. ஜூலை தொடக்கத்தில் அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி வெள்ளையாகப் பூத்தது. இதழ் ஓரமெல்லாம் நூல் பிரிந்ததுபோல் இருந்தது. அங்கே கட்டடம் வந்துவிடுமோ என்று பயம். தொட்டிக்கு மாற்றிக் காப்பாற்றலாமா?

பதில்: தயவுசெய்து தோண்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பிளாட்டந்தேரா லூக்கோஃபியா என்ற அரிய ஆர்க்கிடுக்குப் பொருந்துகின்றன. 1989 முதல் அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள செடி இது. நில உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எடுப்பது இல்லினாய் சட்டப்படி குற்றம்.

முதலில் பூவைக் கிட்டத்தில் பாருங்கள். கீழிதழ் மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் முந்தானைக் குஞ்சம்போல் இழைகள் தொங்கும். பூவின் பின்னால் மெல்லிய வால்போல் சுமார் 4 செ.மீ. நீளத்தில் ஒரு குழல் இருக்கும். தேன் அதன் அடியில்தான். இருட்டிய பிறகு போனால் வாசனை தூக்கலாக வரும். பூ பச்சை கலந்து, குழலும் குட்டையாக இருந்தால் அது வேறு இனம்.

சரி, தொட்டியில் ஏன் பிழைக்காது? இதன் விதை தூசு மாதிரி. முளைப்பதற்கான உணவு உள்ளே கிடையாது. மண்ணில் உள்ள ஒரு பூஞ்சைதான் அதற்கு ஊட்டுகிறது. வளர்ந்த செடியின் வேரிலும் பூஞ்சை குடியிருக்கும். அந்த மண்ணையும் நீர்மட்டத்தையும் தொட்டியில் கொண்டுவர முடியாது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகள்தான் இரவில் வந்து மகரந்தம் சேர்க்கின்றன. அவை குறைந்துபோன இடங்களில் தன்னார்வலர்கள் பல்குச்சியால் அந்த வேலையைச் செய்கிறார்கள். குச்சி நுனி பட்டதும் மஞ்சள் மகரந்தத் திரள் பசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். பயிற்சி இல்லாமல் நீங்களே முயல வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது: பூ, இலை, சுற்றுப்புறம் மூன்றையும் படமெடுத்து மாநில இயற்கை வளத் துறைக்கு இடத்தோடு அனுப்புங்கள். சமூக ஊடகத்தில் மட்டும் இடத்தைச் சொல்லாதீர்கள். திருடிப் போக ஆள் உண்டு. அப்புறம் நில உரிமையாளரிடம் பேசுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்ட வேண்டாம், விதைக்காய் முற்றி வெடிக்கும்வரை புல் வெட்ட வேண்டாம் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட உடனடி ஆபத்து இந்த இரண்டும்தான்.

அடுத்த கோடையில் பூக்கவில்லை என்றால் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சில வருடம் தலைகாட்டாமல் மண்ணுக்குள்ளேயே கிழங்காக இருந்துவிட்டு மறுபடி முளைக்கும்.