அண்டத்தைப் பார்த்து அசந்துபோவது பக்தியா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். எங்களைச் சேர்த்தது அறிவியல் புனைகதைதான். கோயிலில் கிடைக்காத ஒரு நிறைவு எனக்கு அந்தக் கதைகளில் கிடைக்கிறது. "இதெல்லாம் ஒரு பக்தியாடா?" என்கிறார் அம்மா. இதை ஆன்மிகம் என்று சொல்லலாமா? இன்னும் சிலரைச் சேர்க்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருஅண்டப்பகுதியில், நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கும் அண்டங்கள் இறைவனுக்கு முன் வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசி அளவுதான் என்கிறார். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வியப்பதும் அவர் கும்பிடுவதும் அவ்வளவு தள்ளி இல்லை.

ஆனால் இதற்கு ஒரு மதப்பெயர் சூட்டிக் கொடி பிடிக்காதீர்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,127 பேர் தங்கள் மதம் 'ஜெடாய்' என்று எழுதினார்கள். ஒரு சினிமாவில் வரும் வீரர் கூட்டம் அது. பலர் விளையாட்டாக எழுதினார்கள், சிலர் மனதார எழுதினார்கள். 2016-ல் ஒரு ஜெடாய் அமைப்பு மத அறக்கட்டளையாகப் பதிவு கேட்டபோது அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் மறுத்துவிட்டது. படிவத்தில் பெயர் எழுதினால் கூட்டம் உண்டாகாது. கூடிச் செய்ய ஒரு வேலை வேண்டும். உங்களுக்கு அந்த வேலை, சத்தமாக வாசிப்பது.

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள். நாவலை எடுக்காதீர்கள். பாதிப் பேர் முடிக்காமல் வருவார்கள், அடுத்த மாதம் வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுவார்கள். மூவாயிரம் சொல்லுக்குள் ஒரு சிறுகதை எடுத்தால் நிதானமாக வாசிக்க அரை மணி நேரம் ஆகும். சுஜாதாவின் அறிவியல் கதைகளில் இந்த அளவுக்கு நிறைய உண்டு. ஒவ்வொரு மாதமும் வேறொருவர் வாசிக்கட்டும். ஆங்கிலத்தில் நிறையப் படித்த ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார், அவர் கையில் பேச்சு போனால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பேச்சு தமிழிலேயே நடக்கட்டும்.

வாசித்து முடித்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். உங்கள் ஆன்மிகம் இருப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான், டீ ஊற்றுவதைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு முதல் கேள்வி, "எந்த வரியில் உங்களுக்கு மூச்சு நின்றது?" என்று இருக்கட்டும். "இது அறிவியல்படி நடக்குமா?" என்று தொடங்கினால் தெரிந்தவர்கள் மோதுவார்கள், தெரியாதவர்கள் ஒதுங்குவார்கள். அந்தக் கேள்வி நல்லதுதான், கடைசியில் வரட்டும்.

இடத்துக்குக் கிளை நூலகரைக் கேளுங்கள், வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு நூலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. மாலை மூன்று மணிக்குத் தொடங்குங்கள். இருட்டினால் கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து பெண்களும் பெரியவர்களும் வரமாட்டார்கள், அந்தப் பயம் நியாயமானது.

உங்கள் மலையிலேயே கதையை மிஞ்சும் ஒன்று இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-ல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு அமைத்த ரேடியோ தொலைநோக்கி, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். தட்டு கிடையாது, நீள வாக்கில் இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் அதன் கண்ணாடி. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்ந்த சரிவைத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காக வைத்தார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. பூமி சுழலச் சுழல, கருவியை அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரே பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். நம் ஊர் மலைச்சரிவு ஒன்று கருவியின் பாகமாகவே ஆகிவிட்டது! உள்ளே போக முன் அனுமதி கேளுங்கள். போவதற்கு முந்தைய கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வெறும் இரும்பு வேலியாகத்தான் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் மழை. தை, மாசியில் வானம் தெளியும். அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுங்கள், தேயிலைத் தோட்டத்துக்குள் போக வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், நடுவில் ஒருவர் செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. பைனாகுலரின் லென்ஸில் பனி இறங்கும். பார்க்காத நேரத்தில் கோட்டுக்குள் வையுங்கள், துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும்.

அன்றைக்கு அம்மாவையும் கூப்பிடுங்கள். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் நிற்கும். எதிர்மலை மறைத்தால் சற்று உயரமான வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்கு முன் புறப்பட்டது. அகத்தியர் கதையை அம்மா சொல்லட்டும், ஒளியின் கதையை நீங்கள் சொல்லுங்கள்.