பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் எப்போதிலிருந்து பழக வேண்டும்?

மொரீஷியஸில் லோயர் சிக்ஸ் (மேல்நிலைப் படிப்பின் முதல் ஆண்டு) படிக்கும் நீங்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதே என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதுதான் சரியான நேரம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) கெடு அக்டோபர் 15 வாக்கில் வரும். அமெரிக்காவில் முன்கூட்டிய சேர்க்கைக்குப் பெரும்பாலும் நவம்பர் 1. நம் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளி இறுதி) தேர்வும் அதை ஒட்டித்தான். அந்த நெருக்கடியில் போய் நின்றால் "ஒழுக்கமான மாணவி, நல்ல மதிப்பெண்" என்ற வெறும் வரிகள்தான் கிடைக்கும்.

திருத்திய விடைத்தாளோடு போய், "மூன்றாவது படியில் ஏன் மதிப்பெண் குறைந்தது?" என்று கேளுங்கள். அதே கணக்கைத் திரும்பப் போட்டு அடுத்த வாரம் காட்டுங்கள். ஆசிரியர் கடிதத்தில் சொல்ல இப்படிப்பட்ட சம்பவம்தான் வேண்டும். டியூஷன் ஆசிரியர் எவ்வளவு நெருக்கமானாலும், கடிதம் பள்ளியில் பாடம் எடுப்பவரிடமிருந்து வருவதே நல்லது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஒரு கணித அல்லது அறிவியல் ஆசிரியரின் கடிதத்தையும், ஒரு மொழி அல்லது சமூக அறிவியல் போன்ற துறை ஆசிரியரின் கடிதத்தையும் கேட்கிறது. தமிழைப் பாடமாக எடுத்திருந்தால் தமிழாசிரியரைத் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த ஆண்டு அப்பர் சிக்ஸில், கெடுவுக்கு எட்டு வாரமாவது முன்பு, நேரில் கேளுங்கள். "எனக்கு நல்லபடியாக எழுத முடியுமா?" என்று கேட்டால், முடியாதவர் விலகிக்கொள்ள வழி இருக்கும். ஒப்புக்கொண்டவரிடம் கெடு தேதிகள், படிப்பின் பெயர், அவர் வகுப்பில் நீங்கள் செய்த இரண்டு மூன்று வேலைகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.