சென்னை 720 சரியாக வரவில்லையா? பழியை ஸ்டேஷன் மேல் போடுவதற்கு முன்னால்

போன முறை ஒரு வாசகர், மீடியம் வேவ் (ஏஎம் என்பதும் இதுதான்) கேட்க எந்த ரேடியோ வாங்கலாம் என்று கேட்டிருந்தார். "செல் போட்டு ஓடும் சாதாரண செட் போதும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. மிக்சி, வாட்டர் ஹீட்டர் பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: வேலூரில் ஒரு கடையில் 1,850 ரூபாய்க்கு ரேடியோ வாங்கினேன். வீட்டில் சென்னை 720-ஐ வைத்தால் ஒரே கொரகொரப்பு. மாலையில் விளக்குப் போட்ட பிறகு சுத்தமாகக் கேட்கவில்லை. கடைக்காரர், "ஸ்டேஷன்ல பவரைக் குறைச்சிட்டாங்க சார்" என்கிறார். செட்டை மாற்றித் தரச் சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: ஸ்டேஷன் மேல் பழி போடுவது கடைக்காரர்களுக்கு வசதி. அது வந்து மறுத்துப் பேசாது. ஆகாசவாணியின் சென்னை 'ஏ' 720 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் ஒலிபரப்பி. வேலூர் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர். அவர் சொன்னபடி பவரைப் பாதியாகவே குறைத்திருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வரும் சிக்னல் பாதியாகிவிடாது. எழுபது சதவீதம் மிஞ்சும். சிக்னலின் பலம் பவரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்கு வாத்தியாராக இருந்திருந்தால் கடையிலேயே அவரை மடக்கியிருப்பீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: "விளக்குப் போட்ட பிறகு". மலிவான எல்இடி பல்புக்குள் இருக்கும் சின்னச் சுற்று, மொபைல் சார்ஜர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இன்வர்ட்டர் எல்லாமே மீடியம் வேவ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். ரேடியோவில் செல்லைப் போட்டுக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கொரகொரப்பு நின்றுவிட்டால் எதிரி வீட்டுக்குள்தான் இருக்கிறான். அப்புறம் ஒவ்வொரு பல்பாகப் போட்டுக் கண்டுபிடியுங்கள். நிற்கவில்லை என்றால் பக்கத்து வீட்டையும் தெரு விளக்கையும் சந்தேகிக்கலாம்.

நகரத்துக்குள் ஏஎம் கேட்பதில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. அமெரிக்காவில் ஏஎம் ஸ்டேஷனின் பொதுவான எல்லையை மீட்டருக்கு அரை மில்லிவோல்ட் சிக்னல் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். ஆனால் உரிமம் பெற்ற ஊருக்குள் 5 மில்லிவோல்ட் கொடுத்தாக வேண்டும். பத்து மடங்கு! கரும்புக் கொல்லையில் கணீரென்று கேட்கும் அதே சிக்னல், காந்தி நகரில் காங்கிரீட் வீட்டுக்குள் இரும்பு பீரோ பக்கத்தில் செத்துப்போகும்.

இன்னொன்று. மீடியம் வேவுக்கான ஆன்டெனா செட்டுக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் கம்பி. பெரும்பாலும் செட்டின் நீளவாக்கில் இருக்கும். அந்தக் கம்பியின் முனை சென்னையைப் பார்த்தால் சிக்னல் விழாது. பக்கவாட்டுதான் பார்க்க வேண்டும். செட்டைக் கிழக்கு ஜன்னல் ஓரம் வைத்து முகத்தைக் கிழக்கே திருப்புங்கள். இத்தனைக்கும் பிறகு, பகலில் திறந்த வெளியில்கூட 720 வரவில்லை என்றால் செட் கோளாறு. பில்லோடு கடைக்குப் போங்கள், விடாதீர்கள்.

கேள்வி: ரேடியோவின் ஏரியல் சின்னதாக இருக்கிறது. நீளமானதாக மாற்றினால் சென்னை, பெங்களூர் ஏஎம் ஸ்டேஷன்கள் நன்றாக வருமா?
– வாணியம்பாடி வாசகர்

பதில்: வராது. அந்த இழுப்புக் கம்பி எஃப்எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும்.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து டிஜிட்டல் ரேடியோ கொண்டுவந்தார். சென்னை ஏஎம் அருமையாக வருகிறது. பெங்களூரும் திருச்சியும் கரகரவென்று இருக்கின்றன. "அங்கே ஸ்டேஷன் எல்லாம் பவர்ஃபுல், இங்கே அப்படி இல்லை" என்கிறார்.
– ஆம்பூர் வாசகி

பதில்: உங்கள் அண்ணனுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் ஏஎம் ஸ்டேஷனுக்கு உச்சவரம்பே 50 கிலோவாட்தான். 1930களில் சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ மட்டும் சில வருஷம் 500 கிலோவாட்டில் ஓடியது. பிறகு அதையும் இறக்கிவிட்டார்கள். பெங்களூர் 612-ல் இருப்பது 200 கிலோவாட்.

கோளாறு வேறு இடத்தில். அமெரிக்காவில் ஏஎம் ஸ்டேஷன்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும்; நம் பக்கம் 9. உங்கள் செட் பத்துப் பத்தாகத் தாவுகிறது. 720 என்பது ஒன்பதாலும் பத்தாலும் வகுபடும் எண், அதனால் சென்னை தப்பித்தது. பெங்களூருக்கு 612-ல் நிற்க வேண்டிய செட் 610-ல் நிற்கிறது. திருச்சிக்கு 936, உங்கள் செட் 940-க்குப் போய்விடும். பின்பக்கமோ செல் போடும் இடத்திலோ 9/10 என்று குட்டி சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சில செட்டுகளில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மாறும். அதற்கு முன்னால் அடாப்டரைப் பாருங்கள். அதில் 100-240 வோல்ட் என்று இல்லாமல் 120 மட்டும் இருந்தால் நம் வீட்டு பிளக்கில் செருகவே வேண்டாம்.

கேள்வி: பெட்டியில் "10 பேண்ட், உலகம் முழுவதும் கேட்கலாம்" என்று போட்டிருந்தது. கடையில் போட்டுப் பார்க்கவில்லை. பில்லும் வாங்கவில்லை, ஐம்பது ரூபாய் குறைத்தார்கள். வீட்டில் எந்த ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– திருவலம் வாசகர்

பதில்: என்ன செய்யலாம் என்று இப்போது கேட்கிறீர்கள்!

இந்தப் "பத்து பேண்ட்" விவகாரம் பல வருஷமாக என் வயிற்றெரிச்சல். கொட்டிவிடுகிறேன். பத்தில் ஒன்று எஃப்எம், ஒன்று மீடியம் வேவ். மீதி எட்டும் ஷார்ட் வேவைத் துண்டுபோட்டு எட்டுப் பெயர் வைத்தது. அந்த எட்டில் தமிழ் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் பெரும்பாலும் சீன மொழியும் காற்றும்தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது மீடியம் வேவ் ஒன்று. அதற்கு உள்ளே நல்ல நீளமான ஃபெரைட் கம்பியும், பக்கத்து ஸ்டேஷனை ஒதுக்கும் ஒழுங்கான சுற்றும் வேண்டும். அதற்குச் செலவு செய்யாமல் பெட்டியில் எண்ணைக் கூட்டி அச்சடிக்கிறார்கள். நானும் சென்னையில் ஒரு பிளாட்பாரக் கடையில் இப்படி ஒன்றை வாங்கி வந்தேன். முள்ளை நகத்தால் தொட்டாலே அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவும். டயலில் 720 என்று அச்சிட்ட இடத்தில் எதுவுமே இல்லை. அதில் ஒரு டார்ச் உண்டு, கரன்ட் போனால் அதுதான் உதவுகிறது.

ரேடியோ வாங்கும்போது இதைச் செய்யுங்கள். பகலில் போங்கள். இரவில் தூரத்து ஸ்டேஷன் எல்லாம் எந்த ஓட்டைச் செட்டிலும் வரும். அதை வைத்து எடைபோட முடியாது. கடைக்குள் போட்டுப் பார்க்காதீர்கள். அத்தனை விளக்கும் டிவியும் ஓடும் இடத்தில் நல்ல செட்டும் அலறும். செல்லைப் போடச் சொல்லி, வாசலுக்கு வந்து, 720-ஐப் பிடியுங்கள். அடுத்து 612. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டால் பணம் கொடுங்கள். "வீட்ல போய்ப் போட்டா வரும்" என்கிற கடைக்காரரிடம், "வந்த பிறகு பணம் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும்.

பில் விஷயத்துக்கு வருவோம். ஐம்பது ரூபாய்க்காக உங்கள் கையிலிருந்த ஒரே ஆயுதத்தைக் கொடுத்துவிட்டீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் முப்பது நாள். ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சிவப்பு மையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, குறையுள்ள பொருளை வைத்துக்கொண்டு யாரும் பயப்பட வேண்டாம். உங்களுக்கு அந்தச் சிவப்பு மையே கிடைக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனிதராக இருந்தால் மாற்றித் தருவார். போய்க் கேளுங்கள்.

கேள்வி: பொருட்காட்சியில் "சிக்னல் பூஸ்டர் ஸ்டிக்கர்" 300 ரூபாய்க்கு வாங்கி ரேடியோவின் பின்னால் ஒட்டினேன். மாற்றம் தெரியவில்லை. எத்தனை நாளில் வேலை செய்யும்?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: ஸ்டிக்கர் அதன் வேலையை அன்றைக்கே முடித்துவிட்டது. 300 ரூபாய் போய்விட்டதல்லவா?

கேள்வி: அப்பாவுக்காக ஆன்லைனில் 2,299 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கினேன். "ஏஎம்/எஃப்எம் ரேடியோ" என்று தெளிவாகப் போட்டிருந்தது. வந்ததில் எஃப்எம் மட்டும்தான். "பொருள் வேலை செய்கிறது, ரிட்டர்ன் கிடையாது" என்கிறார் விற்றவர். அப்பா காலையில் ஆகாசவாணிச் செய்தி கேட்காமல் காபி குடிக்க மாட்டார்.
– கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி

பதில்: உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது அம்மா. இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் வந்ததும் "ஏஎம்" என்ற இரண்டு எழுத்தை அழித்துவிடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. வேலை செய்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லுங்கள். பல பேர் அந்தக் கட்டத்திலேயே வழிக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் வேலூரிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

அதுவரை அப்பாவின் காபிக்கு: ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியை உங்கள் மொபைலில் இறக்கி அந்த ஸ்பீக்கரோடு இணையுங்கள்.

கேள்வி: அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தபால் ஆபீஸ் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. கடைசிச் சில வருஷம் ஸ்டாம்ப் இல்லை. பாக்கி கட்ட வேண்டுமா?
– வாலாஜா வாசகர்

பதில்: வேண்டாம். அந்த லைசென்ஸ் முறையே 1980களில் போய்விட்டது. புத்தகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நம்ப மாட்டார்கள்.

கேள்வி: மாமனார் காலத்து வால்வு ரேடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் சிவப்பு பாதரசம் இருப்பதாகவும், பத்து லட்சம் தருவதாகவும் போனில் ஒருவர் பேசினார். சோதனைக் கட்டணம் என்று 15,000 ரூபாய் அனுப்பச் சொன்னார். நகையை வைத்து அனுப்பினேன். இப்போது போன் எடுப்பதில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– குடும்பத் தலைவி, ஆற்காடு

பதில்: முதல் வேலையாக வீட்டில் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். பண மோசடிக்கான சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பணம் அனுப்பிய ரசீது, அவருடைய எண், வாட்ஸ்ஆப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம்.

இந்தக் கதை பல வருஷமாக ஊர் ஊராகச் சுற்றுகிறது. ரேடியோ வால்வுக்குள் காற்றைக்கூட உறிஞ்சி எடுத்துவிட்டிருப்பார்கள். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிபோல் மின்னுவது பேரியம் பூச்சு, மிச்சம் மீதி வாயுவைப் பிடித்துவைக்க. அதில் லட்சமும் இல்லை, பாதரசமும் இல்லை. "சரி, ரேடியோவை உடைத்தே பார்ப்போம்" என்று வீட்டில் யாராவது கிளம்பினால் தடுங்கள். மின்சாரத்தில் செருகியும் பார்க்க வேண்டாம், பழைய கண்டென்சர்கள் வெடிக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் அந்தப் பெட்டியில் மறுபடியும் சென்னை கேட்கலாம். கட்டணத்தைப் பேசிக்கொண்டு, என்னென்ன பாகம் மாற்றுகிறார் என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரம். எஃப்எம் எதுவும் ஒழுங்காக வருவதில்லை. ஏஎம் மட்டும் வருமா? இரவில் ஒரே அலைவரிசையில் வேறு மொழியும் கலந்து வருமாமே?
– விவசாயி, ஒடுகத்தூர்

பதில்: வரும். எஃப்எம் நேர்கோட்டில் போகிற அலை. மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். 720-ன் அலைநீளம் 400 மீட்டருக்கும் மேல். அது தரையை ஒட்டியே தவழ்ந்து வரும், மலையைச் சுற்றி வளைந்தும் வரும். நம் பக்கத்துப் பாறையும் காய்ந்த பாலாறும் அதற்குக் கொஞ்சம் சத்துக்கேடுதான். ஈரமண் என்றால் இன்னும் நன்றாக வரும்.

இரவில் கலப்பது செட்டின் குற்றமில்லை. பகலில் வானத்து அலையை விழுங்கும் அடுக்கு ஒன்று சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். அப்போது எங்கேயோ இருக்கும் ஸ்டேஷன் எல்லாம் மேலே பட்டுத் திரும்பி உங்கள் கொல்லையில் விழும். செட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், பாதி குறையும். குறையாத நாளில் அணைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் சென்னை தனியாக வரும்.