அம்மாவுக்கு ஷாக் சிகிச்சை: அப்பா பயப்படுவது சரியா?

வணக்கங்க. அம்மா மூன்று வாரமாகச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, மருத்துவர் ஷாக் சிகிச்சை (தலையில் லேசாக மின்சாரம் செலுத்தும் மனநலச் சிகிச்சை) சொல்கிறார், அப்பா சினிமாவில் பார்த்ததை நினைத்து வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சினிமாவில் வருவது பழைய முறை. 1938-ல் ரோமில் ஆரம்பித்தபோது மயக்க மருந்து இல்லைதான். இப்போது 2017 மனநலச் சட்டப்படி, மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுக்கவே கூடாது.

என் பெரியம்மாவுக்கு ஈரோட்டில் கொடுத்தார்கள். கால் விரல் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான் என்றார் நர்ஸ். எழுந்ததும் கொஞ்ச நேரம் குழம்பினார். நாலாவது முறைக்கு அப்புறம் அவராகவே அரிசிம்பருப்புச் சோறு கேட்டார். அன்றைக்கு வீடே அழுதது.

மறதி வரும், மறைக்கவில்லை. சிலருக்குப் பழைய நினைவுகள் சில திரும்புவதில்லை. இதை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள், அப்பாவையும் கூட்டிப்போய். அதற்குள் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்ங்க.