வம்சாவளியை எங்கிருந்து தேடுவது?

கேள்வி: எங்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம். பேரப்பிள்ளைகளுக்காக ஐந்து தலைமுறையையாவது எழுதிவைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பழைய காணி உறுதிகளிலிருந்து தொடங்குங்கள், அம்மா. நிலையான குடும்பப் பெயரின்றித் தந்தையின் பெயரே முதலெழுத்தாக வருவதால், பெயரை மட்டும் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்வது கடினம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி முதுசமாகவோ (பரம்பரைச் சொத்தாகவோ) சீதனமாகவோ வந்த காணியின் உறுதி, அது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதைப் பெரும்பாலும் கூறிவிடும். சீதன உறுதியில், மற்ற ஆவணங்கள் எளிதில் விட்டுவிடும் பெண்களின் பெயர்களும் கிடைக்கும். என் பார்வையில் அதுவே பெரிய செல்வம். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரான பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் (காணி, குடும்பப் பதிவேடுகள்) கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பேணப்படுகின்றன. அவை டச்சு மொழியில் இருப்பதால், வாசிக்கத் தெரிந்தவரின் துணையுடன் செல்லுங்கள்.