சுடாத துப்பாக்கிக்கு என்ன விலை?

கே: அண்ணே, டெக்சாஸ்ல இருக்கேன், கிரீன் கார்டு வந்து நாலு வருஷம் ஆச்சு. கூட வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருத்தர் வீட்டைக் காலி பண்றார். அவர்கிட்ட 1968ல வாங்கின வின்செஸ்டர் 'பஃபலோ பில்' ரைபிள் ஒண்ணு இருக்கு, ஒரு குண்டு கூட சுடல, பெட்டியோட அப்படியே இருக்கு. லிமிடெட் எடிஷன், வாங்கிப் போட்டா பையன் காலேஜ் போறப்ப கை குடுக்கும்ங்கறார். வாங்கலாமா?

ப: பிடிச்சிருந்தா வாங்குங்க தம்பி, காலேஜ் ஃபீஸுக்குன்னா வேண்டாம். லிமிடெட் எடிஷன்னு அவர் சொல்றது பொய் இல்ல, ஆனா அந்த லிமிட் எவ்வளவுன்னு கேட்டீங்களா? பஃபலோ பில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1966ல, கம்பெனிக்கு நூறு வயசுன்னு தங்கக் கலர் ரிசீவர் (துப்பாக்கியோட நடு உடம்பு) போட்டு 'சென்டினியல் 66' விட்டாங்களே, அதுவும் ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு. இதுல கூத்து என்னன்னா வாங்கினவங்க பாதிப் பேர் உங்க நண்பர் மாதிரியே யோசிச்சு, சுடாம, தொடாம, எண்ணெய் போட்டு பெட்டியில வெச்சு மூடிட்டாங்க, இப்ப அவங்களுக்கெல்லாம் வயசாகி வீடு காலி பண்றப்ப எல்லாப் பெட்டியும் ஒண்ணா வெளிய வருது.

பஃபலோ பில்லும் அலங்காரத்துக்கு உள்ள வின்செஸ்டர் மாடல் 94 தான், அந்த மாடல் 1894ல முதல்ல வந்தது, ஜான் பிரவுனிங் டிசைன். அப்ப வாங்கினவன் யாரும் அதைப் பொத்தி வெக்கல. குதிரைச் சேணத்துல சொருகினான், மழையில நனைச்சான், கட்டை உடைஞ்சா கம்பி சுத்தி ஓட்டினான். அதனாலதான் அந்தக் காலத்துது ஒண்ணு பளிச்சுன்னு கிடைச்சா இன்னிக்கு ஏலத்துல அடிச்சுக்கறாங்க. இன்னொண்ணு, 1964ல வின்செஸ்டர் செலவைக் குறைக்க தயாரிப்பு முறையையே மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி வந்ததைத்தான் 'ப்ரீ-64'ன்னு தனியா மரியாதை குடுத்துத் தேடுவாங்க. கமெமரேட்டிவ்னு சொல்ற இந்த நினைவுப் பதிப்பு வெள்ளம் வந்ததெல்லாம் அதுக்கப்புறம். அதாவது உள்ள இருக்கறது செலவைக் குறைச்ச காலத்துத் துப்பாக்கி, மேல முலாமும் மெடலும்.

விலை ஏறியிருக்குன்னு அவர் சொல்றப்ப இதையும் மனசுல வெச்சுக்கோங்க, 1968ல குடுத்த 100 டாலர் 2024 கணக்குல கிட்டத்தட்ட 900 டாலர். அதனால ரசீதுல இருக்கற பழைய விலையை ஒன்பதால பெருக்கிட்டு அப்புறம் லாபமான்னு பாருங்க. ஆன்லைன் ஏலத்துல 'கேட்கற விலை'யைப் பாக்காதீங்க, யார் வேணா எவ்வளவு வேணா கேட்கலாம், வித்து முடிஞ்ச விலை தனியா காட்டுவாங்க, அதான் விலை. பெட்டி, வெளி உறை, பேப்பர் எல்லாம் இருக்கா, பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பரும் துப்பாக்கி நம்பரும் ஒண்ணான்னு பாருங்க, வேற துப்பாக்கியோட பெட்டியில போட்டு விக்கறதும் நடக்கும்.

கே: அப்ப கமெமரேட்டிவ்னாலே வேஸ்ட்டுங்கறீங்களா?

ப: ஐயோ, அப்படிச் சொல்லல. கோல்ட் (Colt, தங்கம் இல்ல) கம்பெனி 1976ல அமெரிக்க சுதந்திரத்தோட 200வது ஆண்டுக்கு ஒரு செட் போட்டாங்க, மொத்தமே 1,776 செட், அதுல மூணு ரிவால்வர், சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ஒண்ணு, டிராகூன் ஒண்ணு, பைத்தான் ஒண்ணு. பைத்தான் ரிவால்வர் சாதாவா இருந்தாலே ஜனங்க தேடற சாமான், அப்ப இதுக்கு கிராக்கி இருக்கத்தானே செய்யும். வின்செஸ்டர்லயே 1964ல வயோமிங் மாநிலத்துக்குன்னு வந்தது சுமார் 1,500 தான். அதுக்காக எண்ணிக்கை குறைஞ்சா போதும்னும் இல்ல, கோல்ட் 1961ல இல்லினாய்ல ஜெனிசியோங்கற ஊருக்காக 104 டெரிஞ்சர் செஞ்சாங்க, ஆனா அது உள்ளங்கை சைஸ் சமாச்சாரம், அந்த ஊர் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது, வாங்க ஆள் வேணுமே! அலங்காரத்தையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் இருக்கற துப்பாக்கியை யாராவது கேட்பாங்களா, நான் முதல்ல அதைத்தான் பாப்பேன்.

அப்புறம் சரித்திரத்தோட பேர் பொறிச்சதும் சரித்திரத்துலயே இருந்ததும் வேற வேற. பில்லி த கிட்ங்கற கொள்ளைக்காரனை சுட்ட ஷெரிஃப் பாட் காரெட்டோட கோல்ட் ரிவால்வர், ஒரு அலங்காரமும் கிடையாது, 2021ல பான்ஹாம்ஸ் ஏலத்துல 60 லட்சம் டாலருக்கு மேல போச்சு.

கே: எங்க வீட்டுக்காரர் கோல்ட் கமெமரேட்டிவ் ரிவால்வர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்து கிளிக் கிளிக்னு சுத்திக் காட்றார். கேட்டா குண்டு போடலையே, ஒண்ணும் ஆகாதுங்கறார். நிஜமா ஒண்ணும் ஆகாதா அண்ணா?

ப: ஆகும்மா. சுத்தும்போது உள்ள இருக்கற குட்டி நாக்கு சிலிண்டர் (குண்டு போடற உருளை) மேல உரசி ஒரு கோடு விழும், சுத்திலும் வளையம் மாதிரி. வாங்க வர்றவன் டார்ச் அடிச்சு முதல்ல பாக்கறது அதைத்தான். சுடவும் இல்ல, சுத்தவும் இல்லங்கறதுக்குத்தான் முழு விலை, யானை இருந்தாலும் ஆயிரம் பொன் இறந்தாலும் ஆயிரம் பொன்னுங்கறது இந்த யானைக்கு செல்லாது, ஒரு தடவை சுட்டா விலை பாதியாகவே ஆகலாம். அவர் சந்தோஷம் பெருசுன்னா விடுங்க, ஆனா விக்கிறப்ப 'புதுசு'ன்னு சொல்ல வேண்டாம்னு மட்டும் சொல்லி வைங்க.

கே: கன் ஷோல ஒருத்தர், 1966 துப்பாக்கியெல்லாம் ஆன்டிக், சட்டம் ஒண்ணும் கிடையாதுங்கறார். நான் எச்1பில இருக்கேன், வாங்கலாம்தானே?

ப: அவசரப்படாதீங்க சார், ரெண்டுமே தப்பு. ஃபெடரல் சட்டப்படி ஆன்டிக்னா பொதுவா 1898 இல்ல அதுக்கு முன்னாடி செஞ்சது. அம்பது வருஷம் தாண்டி மாத்தம் பண்ணாம இருந்தா 'கியூரியோ அண்ட் ரெலிக்', அதாவது சேகரிப்புப் பொருள்னு ஒரு வகை. அதுக்குன்னு கலெக்டர் லைசென்ஸ் ஒண்ணு இருக்கு, மூணு வருஷத்துக்கு 30 டாலர் (நம்ம மாவட்ட கலெக்டர் இல்லங்க, சேகரிக்கிறவர்). அது வெளி மாநிலத்துலேருந்து டீலர் இல்லாம வாங்க உதவும், அவ்வளவுதான், துப்பாக்கி துப்பாக்கிதான். எச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வெச்சுக்கறதே ஃபெடரல் குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, மாநிலச் சட்டம் வேற தனியா இருக்கு. வக்கீலைப் பாக்காம கையில கூட வாங்காதீங்க, விசாவோட விளையாடாதீங்க.

கே: லெதர் உறையில போட்டு வெச்சா பத்திரமா இருக்குமா?

ப: இருக்காது, தோல் ஈரத்தை இழுத்து வெச்சு துரு பிடிக்க வைக்கும், ஃபோம் வெச்ச பெட்டியும் அதே கதைதான். துப்பாக்கியைத் தனியா சேஃப்ல, பெட்டியைத் தனியா காஞ்ச இடத்துல வைங்க. தொட்டா கைரேகையைத் துடைச்சுடுங்க. தங்க முலாமை பாலிஷ் போட்டு மினுக்காதீங்க, முலாம் துணியோட வந்துடும். வீட்டு இன்ஷூரன்ஸ்ல துப்பாக்கித் திருட்டுக்கு பெரும்பாலும் தனியா ஒரு உச்சவரம்பு வெச்சிருப்பாங்க, பாலிசியை எடுத்துப் பாருங்க.

கே: நான் வாங்கின பஃபலோ பில் முன்னாடியே யாரோ சுட்டது, பெட்டியும் இல்ல. ஏமாந்துட்டேனா?

ப: என்ன விலைக்கு வாங்கினீங்கங்கறதைப் பொறுத்தது. சுட்ட விலைக்கு வாங்கியிருந்தா நீங்கதான் கெட்டிக்காரர். அது சாதா 30-30 குண்டு போடற ரைபிள், நல்லா வேலை செய்யும், ஒரு கோடு விழுந்துடுமோன்னு ராத்திரி தூங்காம இருக்க வேண்டியதில்ல. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போங்க, சுடுங்க.